கேனில் இல்லாத பத்து நிமிடம்

ஊற்றினேனா, ஊற்றவில்லையா. மணி மூன்று ஐந்து. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், முதுகு கேஸ் சிலிண்டரில் சாய்ந்திருக்கிறது, நைட்டி முழுக்க வியர்வை, உள்ளங்கையில் சர்க்கரை நறநறக்கிறது, உதட்டில் இனிப்பு, கழுத்து மடிப்பில்கூட இனிப்பு. ஆக, தூக்கத்தில் சுகர் இறங்கியிருக்கிறது, நான் எழுந்து வந்திருக்கிறேன், டப்பாவைத் திறந்து அள்ளித் தின்றிருக்கிறேன். இதெல்லாம் யூகம்தான். எனக்கு நினைவிருப்பது படுக்கையில் கண் விழித்ததும், தலையணை நனைந்திருந்ததும், யாரோ ஒருத்திக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, பாவம் என்று நினைத்ததும்தான். யாரோ ஒருத்தி. அவள்தான் நான். அப்போது கடிகாரத்தில் ரெண்டு ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு இந்தத் தரை. நடுவில் பத்து நிமிடத்தை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாத்ரூம் போயிருக்கிறேன், அது நிச்சயம், வயிறு லேசாக இருக்கிறது, பாதம் ஈரமாக இருக்கிறது. ஆனால் மக்கில் பிடித்தேனா, பிடித்ததைக் கேனில் ஊற்றினேனா, இல்லை எல்லா ராத்திரியும் போல உட்கார்ந்து எழுந்து தண்ணீர் விட்டுவிட்டு வந்துவிட்டேனா. விரலைக் குத்திப் பார்க்கிறேன், அறுபத்தொன்று. ஏறிக்கொண்டிருக்கிறது. அறிவு ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது, அந்த ஒரு அறையில் மட்டும் ஸ்விட்ச் எங்கே என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. முந்தின நாள் லேபில் மாரிசெல்வி என்று ஒரு பெண், இருபது வயசுகூட இருக்காது, ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள், அக்கா, காலைல ஆறு மணிக்கு மொதல்ல போற யூரினக் கீழ விட்ருங்க, அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூட வெளிய போகக்கூடாது, பகல் ராத்திரி எல்லாம் இதுக்குள்ள, மறுநாள் ஆறு மணிக்குப் போறதையும் பிடிச்சு மூடிக் கொண்டுவாங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சிக்கிடுங்க. ஃப்ரிட்ஜிலா என்று கேட்டேன். ஆமாக்கா, பால் பக்கத்துல வைக்காதீங்க, டீ போட்டுறப் போறீங்க என்று சிரித்தாள். கீழ்த்தட்டில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில், லேபிள் உள்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன், யாரும் பார்த்துவிடக்கூடாதென்று. இந்த வீட்டில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள். நானும் நாலு வயசு ஜோவிட்டாவும். அவள் பார்த்துவிட்டாள், அம்மா இது யாருக்கு ஜூஸ் என்றாள். டாக்டருக்கு என்றேன். டாக்டர் எல்லாத்தையும் குடிப்பாரா என்று மத்தியானம் முழுக்க அதே கவலை அவளுக்கு. பகல் முழுக்க நான் எங்கேயும் போகவில்லை, கடைக்குப் போகவில்லை, ஞாயிறுப் பூசைக்குப் போகவில்லை, கீழ்வீட்டு பிலோமினாக்கா படியில் நின்று, என்னட்டி இமெல்டா, கோயில் பக்கமே காணும், சாமிகூட சண்டையா என்று கேட்டபோது தலைவலி என்றேன். இருபத்தோரு மணி நேரம் ஒரு சொட்டு விடவில்லை. மருந்தை அளக்கிறதுபோல மக்கைச் சாய்த்து ஊற்றினேன். ரெண்டு ஐம்பத்தைந்து வரைக்கும்.

இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் விளக்கு, குளிர், வியர்வை காய்ந்து உடம்பு சிலிர்க்கிறது. மூடி இறுக்கமாக இருக்கிறது. ஊற்றியிருந்தால் அந்த நிலையில் இவ்வளவு இறுக்கமாக மூடியிருப்பேனா. ஆனால் கை பழகியதைச் செய்யும், பதினெட்டு வருஷமாக ஊசி போடுகிற கை, தூங்கிக்கொண்டே மூடிகளைத் திருகும். பாத்ரூமில் மக் ஈரமாக இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஊற்றிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தது, அந்த ஈரம் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டாமா, கடற்கரை ஊரில் எது காய்கிறது, கொடியில் போட்ட துணியே ரெண்டு நாளாகிறது. கேனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன், உள்ளே நிழல்போலக் கோடு தெரிகிறது, ஆயிரத்து எண்ணூறுக்கும் ரெண்டாயிரத்துக்கும் நடுவில். பத்து மணிக்கு எங்கே இருந்தது. மாவுச் சட்டியின் விளிம்புக்கு நேராக இருந்த மாதிரி ஒரு ஞாபகம், இப்போதும் விளிம்புக்கு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி இட்லிக்கு மாவு எடுத்தபோது சட்டியைத் தள்ளி வைத்தேனே, இது எந்த விளிம்பு. ஒரு கேன் மூத்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிக்க ஆள் இல்லாததால் அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டது.

டாக்டர் குமரகுருபரன் ரிப்போர்ட்டில் பேனாவால் வட்டம் போட்டது ஐந்து புள்ளி எட்டு. யூரிக் ஆசிட். அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை, ஆறு வரைக்கும் சரி என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். இது நார்மல்தானே டாக்டர் என்றேன். எல்லாருக்கும் நார்மல்மா, ஒங்களுக்கு நான் கொஞ்சம் உத்துப் பாப்பேன் என்றார். சின்ன வயசுலயே சுகர் வந்தவங்கள்ல இது மேல்பக்கமா இருக்கிறவங்களுக்குப் பின்னாடி கிட்னியும் ரத்தக்குழாயும் சீக்கிரம் கெடுதுன்னு பாத்திருக்காங்க, ஆனா இது திருடனா, திருட்டப் பாத்துட்டு நிக்குற சாட்சியான்னு உறுதியாத் தெரியல. கொறைக்க மாத்திரை இருக்கில்லா டாக்டர். இருக்கு, குடுத்தும் பாத்தாங்க, யூரிக் ஆசிட் எறங்குச்சு, கிட்னிக்கு ஒண்ணும் பிரயோஜனம் தெரியல, சாட்சிய வெரட்டிவிட்டா திருட்டு நடக்கலன்னு ஆயிருமா. நெத்திலி, சாளை, ஈரல் எல்லாம் கொறைங்க, பாட்டில் ஜூஸ் வேண்டாம். தூத்துக்குடில இருந்துகிட்டு நெத்திலிய விடணுமா டாக்டர் என்றதற்கு, இந்த ஊர்ல இதச் சொல்லியே நான் எத்தன பேர்ட்ட ஏச்சு வாங்கிருக்கேன் தெரியுமா என்றார். அதோடு எழுந்து வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காகிதத்தைத் திருப்பினார். யூரின்ல புரோட்டீன் லேசா ஒழுகுது, பிரஷரும் நூத்தி முப்பத்தாறு. எவ்வளவு ஒழுகுதுன்னு தெரியணும், ஒரு நாள் முழுக்கப் பிடிங்க, கவனமாப் பிடிங்க, பாதி பிடிச்சா பாதி நோய்தான் தெரியும். அளவு கூட இருந்தா ஒரு மாத்திரை தொடங்கணும், கிட்னிய ரொம்ப நாள் காப்பாத்திக் குடுக்கும், ஆனா அதச் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. ரெண்டாவது பிள்ள யோசனை இருக்கா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிவப்பும் நீலமுமாக மயிரிழை மயிரிழையாக ரத்தக்குழாய்கள், முத்தையாபுரம் தாண்டிப் போனால் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிடுகிற வாய்க்கால் மாதிரி, எந்தப் பாத்தியில் முதலில் வரப்பு கரைந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி பிடிச்சா பாதி நோய். இதுதான் மூன்றே காலிலிருந்து தலைக்குள் சுற்றுகிறது. ஒரு தடவை விட்டுப்போயிருந்தால் கேனில் புரோட்டீன் குறைவாக இருக்கும், குறைந்த நம்பர் வரும், பரவாயில்லையேம்மா என்பார், டிசம்பரில் என் புருஷன் டெரன்ஸ் கப்பலிலிருந்து இறங்குவார், ஜோவிக்கு ஒரு தம்பி என்பார், நான் சரி என்பேன். நான் பொய் சொல்லவில்லையே, எனக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதானே. ஒருவேளை ஊற்றியும் இருக்கலாம். ஊற்றியிருந்தால் இது உண்மையான கேன். நான் எதுவும் செய்யவேண்டாம், ஆறு மணிக்குக் கடைசியாகப் பிடித்து, மூடி, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். எவ்வளவு சுலபமாக இருக்கிறது. சுலபமாக இருக்கிறதென்றால் இது எனக்குப் பழக்கமான வேலை என்று அர்த்தம். பதினோரு வயசில், ஹாஸ்டலில், சிஸ்டர் எவ்லின் நீல அட்டை நோட்டு ஒன்று கொடுத்திருந்தார், காலையும் மாலையும் குத்திப் பார்த்து நம்பர் எழுதி ஆறு மணிக்குக் காட்ட வேண்டும். இருநூறுக்கு மேல் போனால் சிஸ்டர் திட்டமாட்டார், அதுதான் கஷ்டம், முகம் வாடிப்போகும், உனக்காக ஜெபிக்கிறேன் இமெல்டா என்பார், மற்ற பிள்ளைகள் பால்பாயிண்ட் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். முந்நூற்று நாற்பது வந்த அன்றைக்கு நான் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். மறுநாள் நூற்று இருபத்தேழு. பொய் நம்பர் பூஜ்யத்தில் முடியக்கூடாது, நூற்று இருபது, நூற்று முப்பது என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டர் பச்சை மையில் குட் கேர்ள் என்று எழுதுவார். வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் முன் முழங்காலில் நின்று, சாமி, தோழியின் ரப்பரை எடுத்தேன், ஜெபநேரத்தில் பராக்குப் பார்த்தேன், மூன்று தடவை பொய் சொன்னேன் என்பேன். இந்தப் பொய் அந்த மூன்றில் சேராது. இது யாரிடம் சொன்ன பொய் என்றே எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் குட் கேர்ள். அந்த முந்நூற்று நாற்பதெல்லாம் எங்கே போயிருக்கும், நோட்டில் எழுதாததால் இல்லாமலா போய்விடும், அதெல்லாம் மயிரிழைக் குழாய்களுக்குள் போய், கண்ணுக்குப் பின்னால், சிறுநீரகத்தில், பாதத்தில், ஒவ்வொன்றாக வரப்பைக் கரைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

நாலு மணி. நூற்று நாற்பத்திரண்டு. அறைக்குப் போய் ஜோவியைப் பார்த்தேன், சுவர் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடிப் படுத்திருந்தாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். டெரன்ஸின் பக்கம் படுக்கையில் இஸ்திரி போட்ட துணி கிடக்கிறது, ஏழு மாசமாக அந்தப் பக்கம் துணி வைக்கத்தான் ஆகிறது. அவர் கப்பல் இப்போது எங்கேயோ கென்யா பக்கம், என்ஜின் அறைக்குள் சிக்னல் வராது, மேல்தளத்துக்கு வந்தால்தான் பேசுவார். போன வாரம் பேசினார். சுகர் எப்படிட்டி இருக்கு. நார்மல். நார்மல்னா, நம்பரச் சொல்லு. நூத்திப் பதினெட்டு. அவர் சிரித்தார், ஒனக்கு மட்டும் எப்படிட்டி எப்பவும் நூத்திப் பதினெட்டே வருது, அந்த நம்பர்ல ஒரு வண்டி வாங்கிருவோமா என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு இருநூற்று எழுபது. நான் ஏன் சொல்லவில்லை. கடலில் இருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கவலை என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன், நல்ல காரணம், எல்லாரிடமும் சொல்லக்கூடிய காரணம். அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றே அம்மா எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தாள், பிள்ளைக்குச் சின்ன வயசுலேர்ந்து சுகர், ஊசி போடும், மத்தபடி ஒரு குறையும் கிடையாது. டெரன்ஸின் அக்கா கேட்டாள், ஊசி போட்டா எல்லாம் சரியாத்தான இருக்கும். அம்மா சொன்னாள், எல்லாம் சரியா இருக்கும். அந்த வாக்கை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நூத்திப் பதினெட்டு, நூத்திப் பதினெட்டு. பிலோமினாக்கா ஒருநாள் நான் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, இந்த வயசுலயா, சின்னதுல இனிப்புப் பண்டம் ரொம்பத் தின்னியோ என்று கேட்டாள், கெட்ட எண்ணம் இல்லை, தெரியாமல் கேட்டாள், அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறேன். சாத்திய கதவு சாத்தியேதான் இருக்கிறது. இன்றைக்கு அறுபத்தொன்றுக்கு ஏறாமல் முப்பதுக்கு இறங்கியிருந்தால் காலையில் இந்தக் கதவை யார் திறப்பார்கள். ஜோவிக்கு மேல்தாழ்ப்பாள் எட்டாது. இது வரைக்கும் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை, தாழ்ப்பாள் எட்டாது, அவள் எழுந்து என்னை எழுப்புவாள், எழுப்பிக்கொண்டே இருப்பாள், பசிக்கும், பிஸ்கட் எடுத்துத் தின்பாள், மறுபடி வந்து எழுப்புவாள். கிட்னி கெட இருபது வருஷம் ஆகும், சர்க்கரை இறங்கப் பத்து நிமிடம் போதும், நான் ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் பயந்துகொண்டிருக்கிறேன், எது எந்தப் பயம் என்று பிரிக்கத் தெரியவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஒலி எழுப்புகிறது. ஊற்றினேனா, ஊற்றவில்லையா. ஊற்றினேன் என்று சொல்லிப் பார்த்தேன், சத்தமாக. நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு ஜோவி எழுந்து வந்தாள். வழக்கமாக எழுந்ததும் நேரே வந்து காலைக் கட்டிக்கொள்வாள், இன்றைக்குச் சமையலறை வாசல்நிலையிலேயே நின்றுகொண்டாள். என்னம்மா என்றேன். அம்மா, இப்ப நான் யாருன்னு ஒனக்குத் தெரியுதா என்றாள். எனக்குப் புரியவில்லை. நீ ஜோவி. முழுப் பேரு. ஜோவிட்டா டெரன்ஸ். எல்.கே.ஜி. எந்த செக்‌ஷன். பி செக்‌ஷன், ஏம்மா இப்படிக் கேக்குற. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், லேபில் மாரிசெல்வி ஊசிமுனையைப் பார்க்கிற மாதிரி. ராத்திரி ஒனக்குத் தெரியல, பாப்பா நீ யாரு, ஒங்க அம்மா எங்கன்னு கேட்ட. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை, நான் கேட்டது, நீ என்ன சொன்ன. நீதான் அம்மான்னு சொன்னேன். அப்புறம். நீ சிரிச்ச, போய்ப் படுத்துக்கோன்னு சொன்ன, நான் போய்ப் படுத்துக்கிட்டேன். ராத்திரி அம்மா பாத்ரூம்லேர்ந்து மக்க எடுத்துட்டு வந்தேனா, ஃப்ரிட்ஜத் தொறந்தேனா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. நாலு வயசுப் பிள்ளையிடம், அந்த நேரத்திலும், சாட்சி கேட்க. கேட்டும்விட்டேன். தெரியல, நான் கண்ண மூடிக்கிட்டேன் என்றாள். பயந்தியா ஜோவி. இல்லையே, நான் நல்லா இருந்தேன் என்றாள், சட்டென்று, முகத்தைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எதிரே இருப்பவர்களின் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காகத் தயாரிக்கிற குரல். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. ராத்திரி ஏறக்குறைய மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியபடி அவளே செய்துவைத்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன், உயரம் சரியாக இருக்கட்டும் என்று. அம்மா பயந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. நெசமாவா. நெசமாத்தான், இப்பவும் பயமாத்தான் இருக்கு. கிட்ட வந்தாள். எனக்கும் கொஞ்சூண்டு என்றாள், பிறகு மடியில் உட்கார்ந்து, கொஞ்சூண்டு இல்ல, நெறைய என்றாள், என் நைட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், எனக்கு என்னவோ அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறு மணிக்குக் கேனை பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூடியைத் திறந்து கவிழ்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தது, காலியாக வெகுநேரம் ஆயிற்று, குபுக் குபுக்கென்று. ஜோவி மூக்கைப் பொத்திக்கொண்டு நிலையில் நின்று, ஏம்மா கொட்டுற என்றாள். ராத்திரி என்ன செஞ்சேன்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்ல, அதனால லேபுல கேட்டுட்டு எல்லாம் மொதல்லேர்ந்து. அவள் யோசித்தாள். நாளைக்கும் ஒனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சுன்னா.

கையைக் கழுவினேன், டெரன்ஸுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், நாற்பது வார்த்தைகூட இருக்காது, அதில் ஐந்து புள்ளி எட்டும் புரோட்டீனும் மாத்திரையும் இருந்தன, அவர் எப்போது மேல்தளத்துக்கு வருவாரோ அப்போது பார்க்கட்டும். மேல்தாழ்ப்பாளை நீக்கி, ஜோவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பன்னிரண்டு படி, மூன்று வருஷமாக இறங்கி ஏறுகிற படி, ஒவ்வொன்றிலும் திரும்பிவிடலாமா என்று ஒரு காரணம் உட்கார்ந்திருந்தது, பிலோமினாக்கா பாவம் தூங்குவாள், ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், பண்டம் தின்னியோ என்பாள். தட்டினேன். உள்ளேயிருந்து யாரு என்று பிலோமினாக்காவின் தூக்கக் குரல். மாடிவீட்டு இமெல்டா, அக்கா என்றேன். கதவு திறந்தது, அவிழ்ந்த கொண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னட்டி விடிஞ்சதும் விடியாததுமா என்றாள். அக்கா, இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல வந்து படுக்கணும், ஏன்னு உக்காந்து சொல்லுதேன். அவள் என்னைப் பார்த்தாள், நைட்டியில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டாள். உள்ள வா மொதல்ல, பிள்ள வெறுங்கால்ல நிக்குது.